பரு போன பின்னும் போகாத கறுமை

என் கன்னங்களில் பருக்கள் வற்றிய பிறகும், அவை இருந்த இடங்களில் பயறளவுக் கறுப்புத் தடங்கள் நின்றுவிட்டன. வீட்டில் எல்லோரும் அவற்றைத் தழும்பு என்றார்கள். தோல் மருத்துவர் விரலால் தடவிப் பார்த்து, குழியோ மேடோ இல்லாததால் இவை தழும்புகள் அல்ல, வெறும் நிறமாற்றமே என்று தெளிவுபடுத்தினார். பரு அழன்று வீங்கும்போது சுற்றியுள்ள நிறமிச் செல்கள் தூண்டப்பட்டு மெலனின் என்னும் கருநிறமியை மிகுதியாக உண்டாக்குகின்றன. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இது எளிதில் நேர்கிறது. மேல்தோலில் தங்கிய நிறம் பழுப்பாகத் தெரியும், சில மாதங்களில் மங்கத் தொடங்கும். அடித்தோலுக்கு இறங்கிவிட்டது சாம்பல் பூத்தாற்போல் தெரியும், மறைய ஆண்டுகள்கூட ஆகலாம்.

கறுமைக்கு மருந்து கேட்டுப் போன எனக்கு, அவர் முதலில் எழுதித் தந்தது பருவுக்கான மருந்தையே. புதுப் பருக்கள் வந்துகொண்டிருக்கும்வரை புதுத் தடங்களும் விழுந்துகொண்டே இருக்கும் என்ற அவருடைய விளக்கம் எனக்கு முழுக்கச் சரியாகப் பட்டது. இரவில் முகம் கழுவி, ஈரம் நன்கு உலர்ந்த பின், 0.1 சதவீத அடாப்பலீன் ஜெல்லைப் பட்டாணியளவு எடுத்து, பருவின் மேல் மட்டும் வைக்காமல், கண்ணோரத்தையும் உதட்டோரத்தையும் விட்டு முகம் முழுவதும் மெல்லியதாகப் பூச வேண்டும். தொடக்கத்தில் மூக்கோரம் செதில் செதிலாக உரிந்து எரிந்தது. எரிச்சலே புதிய கறுமையைக் கொண்டுவரும் என்பதால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசச் சொன்னார். கருவுற்றிருந்தாலோ அதற்குத் திட்டமிட்டிருந்தாலோ இம்மருந்து கூடாது என்பதால், அதையும் கேட்டறிந்த பிறகே எழுதினார். காலையில் பூச, பருவுக்கும் நிறத்துக்கும் சேர்த்துப் பயன்படும் அசிலாயிக் அமில க்ரீம். எலுமிச்சைச் சாற்றைப் பரிந்துரைத்த சித்தியிடம், அதன் புளிப்பு தோலைப் புண்ணாக்கும் என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

வெயில் பட்டால் தடங்கள் மேலும் கறுக்கும். எஸ்.பி.எஃப். எனும் வெயில்காப்பு அளவு 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை, இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, காதோரம் வரை பூசி, வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மாநிறத் தோலைக் கறுக்கச் செய்வதால், இரும்பு ஆக்சைடு கலந்த, தோல்நிறச் சாயலுள்ள வகை மேலானது.

எனக்கு உண்மையிலேயே கோபம் மூட்டியது வேறொன்று. மருந்துச் சீட்டு எதுவும் கேளாமலே, ஒரு மருந்துக்கடையில் "ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்றாகும்" என்று ஒரு க்ரீமை நீட்டினார்கள். டியூபின் பின்புறப் பொடியெழுத்தில் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்றிருந்தது. மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. மருத்துவரின் கண்காணிப்பின்றி நாள்கணக்கில் பூசினால் தோல் மெலியும், இரத்த நாளங்கள் சிவந்து தெரியும், பருக்களே பெருகும். நிறுத்தினாலோ முகம் சிவந்து எரியும். பூச்சு ஸ்டீராய்டுகளைச் சீட்டின்றி விற்கக் கூடாதென்று 2018-இலேயே இந்தியாவில் விதி கடுமையாக்கப்பட்டும், பதின்பருவப் பிள்ளைகளின் கைகளுக்கு இவை இன்னும் போய்ச் சேர்கின்றன. நான் வாங்க மறுத்துத் திரும்பினேன்.

இப்போது கன்னத்துத் தடங்கள் அருகில் வந்து பார்த்தால்தான் தெரிகின்றன. தாடையில் உள்ள சில சாம்பல்நிறப் புள்ளிகள் மட்டும் அசையவில்லை. அவற்றுக்கு, தோலின் மேலடுக்கை உரித்தெடுக்கும் மிதமான அமிலப் பூச்சுச் சிகிச்சை செய்யலாமா என்பதை, புதுப் பருக்கள் முற்றிலும் அடங்கி, கோடை வெயிலும் தணிந்த பிறகு முடிவு செய்வோம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதுவரை ஜெல்லும் சன்ஸ்கிரீனும் தொடர்கின்றன.