பி7 சிப்பாயை வெட்டுவதற்கு முன்

தண்டையார்பேட்டையில் சாயங்காலம் எங்கள் மாடிக்கு செஸ் பழக வரும் பிள்ளைகளிடம் ஓப்பனிங் (ஆட்டத்தின் முதல் சில நகர்த்தல்கள்) பெயர்களுக்குப் பஞ்சமில்லை. சிசிலியன், கரோ-கான், லண்டன் என்று மொபைலில் பார்த்ததை அடுக்குவார்கள். மூன்றாவது நகர்த்தல் எதற்கு என்று கேட்டால் மட்டும், "அப்படித்தாண்ணா ஆடணும்."

அதனால் முதலில் நான் எடுத்து வைப்பது 1858-ல் பாரிஸ் ஓபரா அரங்கில் அமெரிக்க செஸ் மேதை பால் மார்ஃபி ஆடிய ஆட்டம். அவருக்கு வெள்ளைக் காய்கள். எதிரே இரண்டு பிரபுக்கள் சேர்ந்து ஆடினார்கள். மொத்தமே 17 நகர்த்தல். வெள்ளையின் நகர்த்தல்களை அட்டையால் மறைத்துக்கொண்டு, நீங்கள் என்ன ஆடுவீர்கள் என்று நோட்டில் எழுதிவிட்டுத் திறந்து பாருங்கள். என்ஜின் (செஸ் ஆடும் கம்ப்யூட்டர் புரோகிராம்) பக்கமே இப்போதைக்குப் போக வேண்டாம்.

ஓப்பனிங், ஃபிலிடோர் தற்காப்பு: இ4 இ5, குதிரை எஃப்3, டி6 (எழுத்தும் எண்ணும் சேர்ந்தது கட்டத்தின் பெயர்; வெள்ளை, கறுப்பு என்று மாறி மாறி). வெள்ளை டி4 வைத்ததும் கறுப்பு மந்திரி ஜி4-க்கு வந்து குதிரையைக் கட்டிப்போடுகிறது; அது நகர்ந்தால் பின்னால் இருக்கும் ராணி வெட்டுப்படும். பார்க்க நல்ல நகர்த்தல்தான். ஆனால் வெள்ளை இ5-ல் வெட்டியதும், கறுப்பு உடனே சிப்பாயால் திருப்பி வெட்டினால் ராணிகள் மாறிவிடும், அதாவது இரண்டும் போர்டை விட்டுப் போய்விடும். கட்டு அவிழ்ந்த குதிரை இ5 சிப்பாயைத் தூக்கிவிடும். வேறு வழியில்லாமல் மந்திரியைக் கொடுத்துக் குதிரையை வாங்கினார்கள்.

ஏழாவது நகர்த்தலில் ராணி பி3. எஃப்7, பி7 இரண்டுக்கும் ஒரே நேரத்தில் குறி. கறுப்பு ராணி இ7-க்கு வந்து எஃப்7-ஐக் காக்கிறது. இங்கே போர்டை அப்படியே விட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு விஷயம் இருக்கிறது. பிள்ளைகள் அநேகமாக பி7-ஐத்தான் வெட்டுவார்கள். வெட்டினால் கறுப்பு ராணி பி4-ல் செக் கொடுத்து ராணி மாற்றத்துக்கு இழுக்கும். சிப்பாய் லாபம்தான், தப்பில்லை. மார்ஃபி அதைத் தொடாமல் குதிரையை சி3-க்கு எடுத்தார். ஒன்பதாவது நகர்த்தலில் மந்திரி ஜி5-க்கு வந்ததும் எண்ணிப் பாருங்கள்: வெள்ளையில் ராணி, இரண்டு மந்திரி, ஒரு குதிரை வெளியே. கறுப்பில் ராணியும் ஒரு குதிரையும்தான். அந்த ராணியும் இ7-ல் நின்று தன் மந்திரியையே அடைக்கிறது. எஃப்8 மந்திரியும் எச்8 யானையும் கடைசிவரை நகரவே இல்லை.

பி8-ல் ராணியைக் கொடுத்து யானையால் மேட் வைப்பது எல்லாரும் ரசிக்கும் இடம். படிக்கிறவருக்கு அதில் வேலை குறைவு.

நோட்டில் எழுதியது எங்கெல்லாம் மார்ஃபியோடு ஒத்துப்போகவில்லையோ, அங்கே மட்டும் அப்புறம் என்ஜினைக் கேளுங்கள். இது பழகியதும் உங்கள் சொந்த ஸ்கோர்ஷீட் (ஆடிய நகர்த்தல்களை எழுதிய தாள்), அதிலும் தோற்ற ஆட்டம் முதலில். போட்டி முடிந்து மெட்ரோவில் திரும்பும்போதே, ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பக்கத்திலும் அப்போது என்ன நினைத்தீர்கள் என்று பென்சிலால் குறித்துவிடுங்கள். மறுநாள் ஞாபகம் இருக்காது.