கல்லைக் கழற்றும் காவிரி

பெங்களூரிலிருந்து கனகபுரா, மளவள்ளி வழியாகப் போனால் சிவசமுத்திரம் சுமார் 130 கிலோமீட்டர். அங்கே காவிரி விழும் ககனசுக்கி அருவி எதிரே ஆகஸ்டு ஞாயிறுகளில் நின்றால் தமிழ்க் குரல் கேட்காமல் இருக்காது. பிள்ளைகள் பள்ளிப் பாடத்தை ஒப்பிப்பார்கள்: மேலே கெட்டிப் பாறை, கீழே இளகின பாறை, கீழே அரிக்க அரிக்க மேலே உள்ளது இடிந்து விழும். பாடத்தில் தப்பில்லை. ஆனால் அது நயாகராவின் கதை. அங்கே மேலே டோலமைட் என்ற கெட்டிப் பாறை, அடியில் ஷேல் என்ற இளகின பாறை. ஷேலைத் தண்ணீர் குடைந்ததும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மேல்தட்டு தன் கனத்தாலேயே முறியும். அப்படி முறிந்து முறிந்தே சுமார் 12,000 ஆண்டுகளில் அருவி 11 கிலோமீட்டர் பின்னால் போயிருக்கிறது.

சிவசமுத்திரத்தில் அந்தக் கதை செல்லாது. இங்கே உச்சியிலிருந்து மடு வரை நைஸ் (gneiss) என்ற ஒரே கெட்டிப் பாறைதான். வயது 250 கோடி ஆண்டுகளுக்குக் குறையாது. குடைவதற்கு இளகின அடுக்கு இல்லை. இருப்பது விரிசல்தான்.

அதைப் பார்க்க 130 கிலோமீட்டர் போக வேண்டியதில்லை, பெங்களூர் லால்பாக் தோட்டத்துப் பாறை போதும். பூமிக்கு அடியில் பெரும் பாரத்தில் அழுந்திக் கிடந்த கல், மேலிருந்ததெல்லாம் அரித்துப் போனதும் இறுக்கம் தளர்ந்து, மேற்பரப்புக்கு இணையாகத் தகடு தகடாகப் பிளக்கும். வெங்காயம் உரிவது மாதிரி. இதோடு செங்குத்தான விரிசல்களும் குறுக்கே வெட்டிக்கொண்டால் பாறை முழுக்கப் பெட்டி பெட்டியாகப் பிரிந்து கிடக்கும், காரை பூசாத கல்சுவர் போல.

வெள்ளக் காலத்தில் இந்த இடுக்குகளில் மணலும் சிறுகல்லும் போய் ஆப்பு போல இறுகிக்கொள்ளும். மேலே ஓடும் நீரின் அழுத்தம் நொடிக்கு நொடி ஏறி இறங்கும். ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் கல் ஒரு மயிரிழை அசையும். அசைந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் மணல் புகும். பல வெள்ளங்கள் தாண்டி ஒருநாள் கல் கழன்று கீழே போகும். ஆண்டுக்கு இத்தனை அங்குலம் என்று இங்கே கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம்: நூறு வருஷம் ஒன்றும் நடக்காது, ஒரே வெள்ளத்தில் லாரி அளவு கல் போய்விடும். ககனசுக்கி ஒரே வீச்சில் விழாமல் படி படியாக இறங்குவதற்கும் இந்த விரிசல்களே காரணம்.

விரிசல் நெருக்கமாக இல்லாத இடத்தில் ஆறு வேறு வேலை செய்யும். மேகதாட்டில், அதாவது நம் ஊர்ப் பேச்சில் ஆடு தாண்டும் காவிரியில், பாறையில் வட்ட வட்டமாகக் குழிகள் இருக்கும். ஆட்டுக்கல்லையும் குழவியையும் நினைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பள்ளம் ஒன்றில் சுழல் உண்டாகும், அதில் சிக்கும் கூழாங்கல் வெளியேற முடியாமல் சுற்றிச் சுற்றி அடியை அரைக்கும். குழவி தேய்ந்து மணலானால் அடுத்த வெள்ளம் புதுக் கல்லைப் போடும். பக்கத்துப் பக்கத்துக் குழிகளுக்கு நடுவே இருக்கும் சுவர் மெலிந்து உடைந்தால் குழி வரிசை வாய்க்காலாகிவிடும். அகலமாக வந்த காவிரி அங்கே ஒரு குறுகின இடுக்குக்குள் நுழைவது அப்படித்தான்.

அருவி விழுமிடத்து மடுவும் இதே அரைப்பில் பிறந்ததுதான். குற்றாலத்துப் பேரருவி நடுவழியில் பொங்குமாகடல் என்ற மடுவில் விழுந்து நிரம்பி வழிவதால்தான் கீழே தலையைக் காட்ட முடிகிறது. 20 மீட்டர் உயரத்திலிருந்து நேராக விழும் நீர் தரையைத் தொடும்போது மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கும்.

வெறும் தண்ணீருக்குக் கல்லைத் தேய்க்கும் திராணி குறைவு, மணல்தான் உப்புத்தாள். மேலே அணை கட்டினால் வெள்ளத்தின் உச்சமும் குறையும், மணலும் நீர்த்தேக்கத்தின் அடியிலேயே தங்கிவிடும். ஆயுதமும் கையில் இல்லை, பலமும் இல்லை. கண்ணம்பாடி அணைக்குக் கீழே உள்ள அருவிகள் அந்த அளவுக்கு மெதுவாகத்தான் மாறும்.

மாறாதது ஆபத்து. மடுவின் வெள்ளை நுரையில் பாதி காற்று. அதில் உடம்பு மிதக்காது, நீச்சல் தெரிந்தவரும் அமிழ்வார். விழும் நீர் அடியில் போய்த் திரும்பி மேலே வந்து அருவியை நோக்கியே இழுக்கும். கரையில் எங்கே நிற்கலாம் என்பதைப் பாறையே சொல்லும்: வழவழவென்று வெளிறிய பகுதி வரை வெள்ளம் வரும், பாசிப்பூஞ்சை கருஞ்சாம்பல் திட்டுகளாகப் படிந்திருக்கும் உயரத்துக்கு அடிக்கடி வராது. வானம் தெளிவாக இருப்பதை நம்பி வெளிறிய பட்டையில் உட்காராதீர்கள். மழை குடகில் பெய்திருக்கலாம், அணையில் மதகு திறந்திருக்கலாம்.

பாறையைப் படிக்க விரும்புகிறவர்கள் ஆகஸ்டை விட்டுவிட்டு ஏப்ரலில் சிவசமுத்திரம் போகலாம். 1902-ல் கோலார் தங்கவயலுக்கு 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் அனுப்பிய நிலையம் இங்கேதான். கோடையில் வரும் கொஞ்ச நீரையும் டர்பைனுக்குத் திருப்பிவிட்டால் அருவியில் சில வெள்ளிக் கோடுகள்தான் மிஞ்சும். போட்டோவுக்கு லாயக்கில்லை. ஆனால் விரிசல்கள் மொத்தமும் வெளியே தெரியும்: எந்தக் கல் கழன்றுவிட்டது, எது பாதி அசைந்து சாய்ந்து நிற்கிறது என்று எதிர்க்கரையிலிருந்தே எண்ணலாம். பைனாகுலர் எடுத்துக்கொண்டு, வெயில் சரிந்து விரிசல்களில் நிழல் விழும் நாலு மணிக்கு மேல் பாருங்கள்.