மேற்கு பார்த்த வீடும் ஐஓ-86 செயற்கைக்கோளும்

சிங்கப்பூரில் ஹாம் ரேடியோக்காரர்கள், அதாவது உரிமம் எடுத்துப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுகிறவர்கள், நாலு பேர் ஒன்றுசேர்ந்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் ஆன்டெனாவில் வந்துதான் நிற்கும். 14 மெகாஹெர்ட்ஸில் பேசுவதற்கு டைபோல் என்னும் சாதாரணக் கம்பி ஆன்டெனாவைக் கட்டினாலே 10 மீட்டர் கம்பி வேண்டும். வீவக அடுக்குமாடி வீட்டில் அதை எங்கே கட்டுவது? மொட்டை மாடி நமக்குத் திறக்காது. சன்னலுக்கு வெளியே எதையும் நீட்ட முடியாது. எப்படியோ உள்ளுக்குள்ளேயே ஒரு கம்பியை வளைத்துக் கட்டிவிட்டாலும், புளோக் முழுக்க இருக்கும் எல்இடி விளக்குகளும் ஏர்கான் இன்வர்ட்டர்களும் சேர்ந்து போடும் இரைச்சலில் தூரத்துக் குரல் மூழ்கிப்போகும்.

எங்கள் சிறு குழு தேக்கா பக்கம் ஒரு காப்பிக்கடையில் கூடும். பாதிப் பேர் தமிழர்கள். ஒரு மலாய்க்காரர், இரண்டு சீன நண்பர்கள், பக்கத்து இந்தோனேசியத் தீவான பத்தாமில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் அவ்வப்போது படகேறி வருவார். இல்லாத இடத்தைப் பற்றிப் புலம்புவதை விட்டுவிட்டு, நம் ஊருக்கு என்ன இருக்கிறது என்று பார்ப்போமே என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. அப்போது அந்தப் பத்தாம் நண்பர் சொன்ன பெயர்தான் ஐஓ-86.

இந்தோனேசியா செய்த செயற்கைக்கோள் அது. லாபான்-ஏ2 என்பது அதன் இயற்பெயர். அந்நாட்டு அமெச்சூர் ரேடியோ அமைப்பான ஓராரியின் பெயரையும் சேர்த்து லாபான்-ஓராரி என்றும் சொல்வார்கள். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி30 ராக்கெட்டில், இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட்டோடு சேர்ந்து மேலே போனது. அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று டெலியோஸ்-1 உட்பட சிங்கப்பூரின் ஆறு செயற்கைக்கோள்கள் போனதும் அதே ஏவுதளத்திலிருந்துதான்.

ஐஓ-86-இல் ஒரு எஃப்எம் ரிப்பீட்டர், அதாவது கேட்ட குரலை உடனே திருப்பி அனுப்பும் கருவி, இருக்கிறது. 145.880 மெகாஹெர்ட்ஸில் 88.5 ஹெர்ட்ஸ் டோன் சேர்த்து நாம் அனுப்பினால், 435.880-இல் அது திருப்பிச் சொல்லும். கையில் பிடிக்கும் 5 வாட் செட் போதும். ஆனால் என்னைக் கவர்ந்தது ரிப்பீட்டர் அல்ல, அது சுற்றும் பாதை. அனைத்துலக விண்வெளி நிலையம் நிலநடுக்கோட்டுக்கு 51.6 பாகை சாய்ந்து சுற்றுகிறது. மற்ற ஹாம் செயற்கைக்கோள்களில் பல துருவத்துக்குத் துருவம் போகிறவை. அவற்றால் அதிக நன்மை வடக்கிலும் தெற்கிலும் இருப்பவர்களுக்குத்தான். நம் தலைக்கு மேல் அவை வருவது நாளுக்குச் சில தடவை, அதிலும் பாதி அடிவானத்தை உரசிக்கொண்டு கட்டடங்களுக்குப் பின்னால் போய்விடும். ஐஓ-86-இன் சாய்வு வெறும் 6 பாகை. ஏறக்குறைய 650 கிலோமீட்டர் உயரத்தில் நிலநடுக்கோட்டை ஒட்டியே ஓடுகிறது.

சிங்கப்பூர் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றே கால் பாகையில். அதனால் அந்தச் செயற்கைக்கோள் ஒவ்வொரு சுற்றிலும் நம்மைக் கடந்தே ஆகவேண்டும். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு ஒரு கடப்பு. நாளுக்குப் பதினான்கு வரை கிடைக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மிக மோசமான கடப்பில்கூட வானத்தில் 30 பாகைக்கு மேல் ஏறிவிடுகிறது. அடிவானத்திலிருந்து அடிவானம் வரை 14 நிமிடம். லண்டனிலோ தோக்கியோவிலோ இருக்கிறவருக்கு இந்தச் செயற்கைக்கோள் கண்ணிலேயே படாது. ஆன்டெனா கட்ட இடமில்லாத ஊருக்கு வானம் கொடுத்த ஈடு இது என்று இப்போதும் நம்புகிறேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

ஆன்டெனா என்றால் யாகி, ஒரு குழாயில் கம்பிகளை வரிசையாகக் குறுக்கே பொருத்தி ஒரே திசையை நோக்கிப் பிடிக்கும் வகை. ஒரே பிவிசி குழாயில் நாம் அனுப்பும் 2 மீட்டர் அலைக்கு (145 மெகாஹெர்ட்ஸ்) மூன்று கம்பி, அதற்குக் குறுக்காக நாம் கேட்கும் 70 சென்டிமீட்டர் அலைக்கு (435 மெகாஹெர்ட்ஸ்) ஐந்து கம்பி. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதால் ஒன்றை மற்றது அதிகம் தொந்தரவு செய்யாது. 2 மீட்டர் பகுதிக்கு இரும்பு அளவு நாடாவையே வெட்டிப் போட்டேன். ஹாம்கள் பல காலமாகச் செய்துவரும் முறைதான் இது. பின்னால் இருக்கும் கம்பி ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூட, முன்னால் இருப்பது 90 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைய. நாடா என்பதால் லிஃப்ட் கதவில் இடித்தாலும் மடங்கி நிமிர்ந்துகொள்ளும். 70 சென்டிமீட்டர் பகுதிக்கு வெல்டிங் செய்யும் பித்தளைக் குச்சி. அதில் கேபிள் இணையும் கம்பி 33 சென்டிமீட்டர் அளவில் வரும்.

நாடாவில் கேபிளைப் பற்றவைப்பதுதான் பொறுமையைக் கேட்கும் வேலை. மஞ்சள் பூச்சை உப்புத்தாளால் தேய்த்து, அடியிலிருக்கும் இரும்பு பளபளக்கும் வரை விடக் கூடாது. தேய்த்த உடனே ஃபிளக்ஸ் தடவி ஈயத்தைப் பூசிவிட வேண்டும். நம் ஊர் ஈரத்தில் ஓர் இரவு விட்டால் காலையில் துரு பிடித்திருக்கும். கேபிள், கனெக்டர் எல்லாம் சிம் லிம் டவரில் கிடைத்தன. குழாயைப் பேட்டைக் கடையிலேயே வாங்கி அங்கேயே அறுத்துக்கொண்டேன். குழுவில் ஓர் அண்ணன் ஆன்டெனாவை அளக்கும் சிறு கருவியான நானோவிஎன்ஏ வைத்திருக்கிறார். அதில் அளந்து பார்த்தோம். நடுக் கம்பியை இரண்டு பக்கமும் அரை சென்டிமீட்டர் வெட்டிய பிறகு 2 மீட்டர் பகுதியின் எஸ்டபிள்யூஆர் 1.3-க்கு இறங்கியது (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு இது, 1 என்றால் முழுப் பொருத்தம்). அது போதும்.

முதலில் கேட்டுப் பார்ப்பது என்று முடிவு. ரிப்பீட்டர் எப்போதும் இயங்காது. இந்தோனேசியாவிலிருந்து அறிவிக்கும் நேரங்களில் மட்டும் திறப்பார்கள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் பேட்டையின் பல மாடி கார் நிறுத்துமிடத்தின் மேல் தளத்துக்குக் குழுவாகப் போனோம். அங்கே அனுப்பவில்லை, கேட்பது மட்டும்தான். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்று காட்டும் செயலியைப் போனில் பார்த்துத் திசை சொன்னாள்.

செயற்கைக்கோள் நம்மை நோக்கி வரும்போது அலைவரிசை சற்று ஏறிக் கேட்கும், விலகிப் போகும்போது இறங்கும். 435 மெகாஹெர்ட்ஸில் இது ஏறக்குறைய 9 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். அதனால் 435.890-இலிருந்து 435.870 வரை ஐந்து ஐந்து கிலோஹெர்ட்ஸாக ஐந்து மெமரியில் போட்டு வைத்திருந்தேன். முதல் மெமரியில் இரைச்சல் சட்டென்று அடங்கியது. அப்புறம் ஒரு பெண் குரல், யாங்கீ சார்லி என்று தொடங்கும் இந்தோனேசிய அழைப்புக்குறி. மேல் தளத்தில் கார் விட வந்தவர்கூட நின்று கேட்டார். ஆன்டெனாவை அப்படியே வானத்தை நோக்கிப் பிடித்தால் மட்டும் போதாது. மணிக்கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். செயற்கைக்கோள் நகர நகர அதன் அலை சாயும் கோணமும் மாறுகிறது. கால் சுற்றுத் திருப்பினால் கரகரப்பிலிருந்து குரல் முழுசாக எழுந்து வரும். இது எழுத்தில் புரியாது, கையில்தான் புரியும். குழுவில் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு நிமிடம் கொடுத்தோம்.

அனுப்புவது என் வீட்டிலிருந்து. யீஷூனில் மேல் மாடி, வாசல் நடைபாதை மேற்கு பார்த்தது. மாலை வெயில் கொளுத்தும் என்று வீடு வாங்கும்போது பலரும் வேண்டாம் என்றார்கள். ஆனால் ஐஓ-86 மேற்கில் எழுந்து கிழக்கில் மறைகிறது. எனக்கு அடிவானத்தில் எழும் நொடியில் அது இருக்குமிடம் இலங்கைக்கு நேரான தீர்க்கரேகை. அங்கிருந்து என் தலைக்கு மேல் வரும்வரை, ஏழு நிமிடம், மறைப்பே இல்லை. சென்னையில் இருப்பவருக்கு அது சிங்கப்பூரை நெருங்கும்வரை தெரியும். அதாவது சென்னைக்கும் யீஷூனுக்கும் சேர்ந்தாற்போல் ஆறு நிமிடத்துக்கு மேல் கிடைக்கிறது. எதிர்வீடு கிழக்கு பார்த்தது. அவர் ஹாமாக இருந்திருந்தால் அவருக்குக் கிழக்கு இந்தோனேசியாவின் சுலாவேசியும் மலுக்குவும் கிடைத்திருக்கும், சென்னை கிடைத்திருக்காது. நடைபாதையில் எதையும் அடைத்து வைக்கக் கூடாது என்பது விதி. கையில் பிடிக்கும் ஆன்டெனா என்பதால் வேலை முடிந்ததும் உள்ளே எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

ஆனால் அனுப்ப ஆரம்பித்ததும் ஒரு புதுச் சிக்கல். ஒரு செட்டில் அனுப்பி இன்னொன்றில் கேட்டால்தான் நம் குரல் மேலே போய்த் திரும்புகிறதா என்று தெரியும். அனுப்பும் பொத்தானை அழுத்தியதுமே கேட்கும் செட் செவிடாகிவிட்டது. காரணம் எளிது: 145.880-ஐ மூன்றால் பெருக்கினால் 437.640. நாம் கேட்கும் இடத்துக்கு 2 மெகாஹெர்ட்ஸ்கூடத் தள்ளி இல்லை. சின்ன செட்டுகளில் இந்த மூன்றாம் மடங்கு முழுசாக வடிகட்டப்படுவதில்லை. அதோடு பக்கத்திலேயே 5 வாட் அடிப்பதில் கேட்கும் செட்டின் முன்பகுதியும் திணறிப்போகிறது. மருந்து இரண்டு ஃபில்டர்: அனுப்பும் பக்கம் தாழ்ந்த அலைவரிசையை மட்டும் விடும் லோ பாஸ், கேட்கும் பக்கம் உயர்ந்ததை மட்டும் விடும் ஹை பாஸ். எனாமல் கம்பியைத் துளைபோடும் பிட்டின் மேல் சுற்றிக் காயில் செய்து, சின்ன பெப்பர்மின்ட் தகர டப்பாவுக்குள் பற்றவைத்தோம். மூடி போட்டதும் போடாததும் அளவையில் தெளிவாக வித்தியாசம் காட்டியது. மூடியையும் சேர்த்தே பற்றவைத்துவிடுங்கள். அலைவரிசைகளைக் கணினித் திரையில் காட்டும் யுஎஸ்பி டாங்கிளில் பார்த்தால் 437-இல் நின்றிருந்த முள் தரையோடு போய்விட்டது. இந்த முயற்சி முழுவதிலும் நேரம் அதிகம் தின்றது இதுதான், திருப்தி அதிகம் தந்ததும் இதுதான்.

அதற்கடுத்த திறப்பில் நைன் விக்டர் ஒன் என்று என் அழைப்புக்குறியைச் சொல்லி நிறுத்தினேன். என் குரலே காதில் திரும்பியது. ஜாவாவிலிருந்து ஒருவர், ஜொகூரிலிருந்து ஒருவர், இருவருக்கும் நான் இருக்கும் இடத்தைக் காட்டும் கட்டக்குறி ஓஜே11 சொல்லி முடித்தேன். ஒரே ஒரு தடம்தான் என்பதால் யாரும் நீட்டிப் பேசுவதில்லை. அழைப்புக்குறி, தெளிவாகக் கேட்கிறது என்பதற்கு ஐந்து ஒன்பது, கட்டக்குறி, நன்றிக்குத் தெரிமா காசே, அடுத்தவருக்கு வழி. அந்த ஒழுங்கு எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.

சில வாரம் கழித்து ஓர் இரவுக் கடப்பில், எழுந்த கொஞ்ச நேரத்திலேயே விக்டர் யூனிஃபார்ம் என்று தொடங்கும் இந்திய அழைப்புக்குறியோடு ஒரு குரல். கட்டக்குறி என்கே03. சென்னை! பதில் சொன்னேன். என் உச்சரிப்பைக் கேட்டுக் கண்டுபிடித்துவிட்டார் போல.

"தமிழா சார்? சிங்கப்பூர்ல எந்தப் பக்கம்?"

"யீஷூன் சார், வடக்கே."

"ரொம்ப சந்தோஷம் சார். இங்க நல்ல மழை, குடை பிடிச்சிக்கிட்டு நிக்கிறேன்."

அவ்வளவுதான். மலேசிய நண்பர் ஒருவர் காத்திருந்ததால் இருவரும் விலகிக்கொண்டோம். இடையில் எந்த இணையமும் இல்லாமல், கடலுக்கு மேல் 2,900 கிலோமீட்டர், அளவு நாடாவிலும் பித்தளைக் குச்சியிலும். வாட்ஸ்அப்பில் தினமும் பேசுகிறோமே என்று மனைவி கேட்டார். உண்மைதான். ஆனால் 2004 டிசம்பரில் சுனாமி வந்து அந்தமானில் தொடர்புகள் அறுந்தபோது, அங்கே ஹாம் ரேடியோ நடத்தப் போயிருந்த பாரதி பிரசாத்தும் அவர் குழுவும் போர்ட் பிளேரிலிருந்து செய்திகளைக் கடத்தினார்கள். பேரிடர் நேரத் தொடர்பும் ஐஓ-86-இல் ரிப்பீட்டர் வைத்ததற்கு ஒரு காரணம். பழகியிருந்தால்தான் அன்றைக்குக் கை வரும்.

குழுச் செய்திகள் சில. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மூவர் கேட்க வந்தார்கள். அதில் ஒருத்தி ஐஎம்டிஏ ஆணையம் தரும் ஹாம் உரிமம் எடுக்கப் படிக்க ஆரம்பித்திருக்கிறாள். பத்தாம் நண்பர் ரிப்பீட்டர் திறக்கும் நேரங்களை முன்கூட்டியே குழுவுக்கு அனுப்பிவிடுகிறார். 14 கடப்பு முடிய ஒரு நாளுக்குச் சற்றுக் கூடவே ஆகிறது. அதே கடப்பு மறுநாள் ஏறக்குறைய அரை மணி நேரம் தள்ளி வரும். இன்று அலுவலக நேரத்தில் சிக்கினால் சில நாள் பொறுத்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்துவிடும், கவலை வேண்டாம். விண்வெளி நிலையம் 145.800-இல் எஸ்எஸ்டிவி படங்கள் (ஒலியாக வந்து படமாக மாறுபவை) அனுப்பும் அடுத்த வாய்ப்பில் மரினா அணைக்கட்டின் புல்தரையில் பிள்ளைகளோடு கூடிக் கேட்கலாம் என்று பேசியிருக்கிறோம். அதற்குச் சாதாரண செட்டும் ஒரு போனும் போதும்.

அடுத்த கூட்டத்தில் 70 சென்டிமீட்டர் பகுதியை ஐந்து பேருக்கு ஒரே மூச்சில் வெட்டப்போகிறோம். குழாயும் குச்சியும் நான் வாங்கி வருகிறேன். உப்புத்தாளும் பற்றவைக்கும் கருவியும் அவரவர் கொண்டுவந்தால் நல்லது. கிழக்கு பார்த்த வீட்டுக்காரர் யாராவது சேர்ந்தால், அந்த மறுபாதியில் பப்புவா பக்கம் யார் கேட்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள எனக்கு மிகவும் ஆசை.