எல்லா சர்வரும் 'சிங்க் ஆகிவிட்டது' என்றுதான் சொல்லும்

லினக்ஸ் மெஷினின் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் என்று தட்டினால், அதன் கடிகாரம் சிங்க் ஆகியிருக்கிறதா, அதாவது சரியான நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்ற வரிக்கு எதிரே 'யெஸ்' என்று வரும். பெரும்பாலானவர்கள் அதோடு டெர்மினலை மூடிவிடுகிறார்கள். அந்த யெஸ்ஸுக்கு அவ்வளவு மதிப்புக் கிடையாது. 'எவ்வளவு தப்பாக இருக்கலாம்' என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஓர் எண்ணை வைத்திருக்கிறது. நேரத்தைத் திருத்தும் நிரல் ஒவ்வொரு முறையும் அதைக் குறைத்து எழுதும், யாரும் தொடாவிட்டால் நொடிக்கு 500 மைக்ரோ நொடி வீதம் அது ஏறிக்கொண்டே போகும், 16 நொடியைத் தொட்டால்தான் 'நோ' என்று மாறும். கணக்குப் போட்டால் 32,000 நொடி வருகிறது. கிட்டத்தட்ட 9 மணி நேரம்! அவ்வளவு நேரம் எந்த டைம் சர்வரோடும் பேசாத ஒரு மெஷின் கூட யெஸ் என்றே சொல்லிக்கொண்டிருக்க முடியும்.

நேரத்தைத் திருத்தும் நிரலாகக் குரோனி ஓடும் மெஷின் என்றால் நான் முதலில் தட்டுவது 'குரோனிசி டிராக்கிங்' என்ற அதன் கட்டளை. அதில் எல்லோர் கண்ணும் 'சிஸ்டம் டைம்' வரிக்குத்தான் போகும், 0.00002 நொடி என்று இருந்தால் மனசு குளிர்ந்துவிடும். ஆனால் அது அந்த மெஷின் தனக்குத் தானே போட்டுக்கொண்ட மார்க். நிஜமான எல்லை தெரிய வேண்டுமென்றால் கீழே இருக்கும் 'ரூட் டிலே'யில் (மூல டைம் சர்வர் வரை பாக்கெட் போய்வர ஆகும் நேரம்) பாதி, 'ரூட் டிஸ்பர்ஷன்' (வழியில் சேர்ந்துகொண்டே வரும் பிழை வரம்பு) முழுசு, அதோடு சிஸ்டம் டைமில் இருக்கும் வித்தியாசம், மூன்றையும் கூட்ட வேண்டும். டிலே 40 மில்லி நொடி, டிஸ்பர்ஷன் 3 மில்லி நொடி என்றால், மேலே என்ன காட்டினாலும் கடிகாரம் 23 மில்லி நொடி வரை தவறாக இருக்க இடமுண்டு. ஏன் பாதி? பாக்கெட் போக எடுத்த நேரமும் வர எடுத்த நேரமும் சமம் என்று வைத்துக்கொண்டுதான், நெட்வொர்க் வழியாக நேரம் கேட்கும் முறையான என்டிபி கணக்குப் போடுகிறது. போகிற வழி ஒன்று, வருகிற வழி வேறு என்றால் அந்த வித்தியாசத்தில் பாதி அப்படியே ஆஃப்செட்டில், அதாவது கணக்கிட்ட நேர வித்தியாசத்தில், ஏறிவிடும், மெஷினுக்குள் உட்கார்ந்துகொண்டு எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது தெரியாது.

அடுத்தது 'குரோனிசி சோர்சஸ்'. அதில் 'ரீச்' என்ற நெடுவரிசையைப் பார்த்துக் குழம்பாதவர்கள் குறைவு. 377 என்பது சதவீதமும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. கடைசி 8 முயற்சிகளை 8 பிட்டுகளாக வைத்து ஆக்டலில், அதாவது எட்டை அடிப்படையாகக் கொண்ட எண்முறையில், எழுதியது. எட்டுக்கும் பதில் வந்தால் 377. இப்போது ஒரே ஒரு பாக்கெட் தொலைந்தது என்று வையுங்கள்: 376 ஆகும், அடுத்து பதில் வந்தால் 375, அப்புறம் 373, 367, 357, 337, 277, 177, கடைசியில் மறுபடி 377. எண் இப்படித் தாறுமாறாக இறங்குவதைப் பார்த்து நெட்வொர்க் செத்துக்கொண்டிருக்கிறது என்று பதற வேண்டாம், பழைய ஓட்டை ஒன்று நகர்ந்து வெளியேறுகிறது, அவ்வளவுதான். பக்கத்தில் 'போல்' 10 என்றிருந்தால் 1024 நொடிக்கு ஒரு முறைதான் கேட்கிறது என்று பொருள். அப்படியானால் சர்வர் முழுசாகப் போன பிறகும் ரீச் பூஜ்யத்துக்கு வர 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நட்சத்திரக் குறி இருக்கும் சர்வரைத்தான் மெஷின் இப்போது பின்பற்றுகிறது, பெருக்கல் குறி போன்ற எக்ஸ் விழுந்தால் அந்த சர்வர் பொய் சொல்வதாக அது நினைக்கிறது. இரண்டே சர்வர் கொடுத்து வைத்திருந்து, இரண்டும் வேறு வேறு நேரம் சொன்னால் யார் பொய் என்று முடிவு செய்ய வழியே இல்லை. நான்கு கொடுங்கள்.

சரி, இதெல்லாம் ஒரு மெஷினுக்கு. நெட்வொர்க் முழுக்க? எஸ்எஸ்ஹெச் வழியாக ஒவ்வொன்றிலும் புகுந்து 'குரோனிசி மைனஸ் சி டிராக்கிங்' ஓட்டினால் காற்புள்ளி போட்டுப் பிரித்த வரியாக வரும், ஸ்கிரிப்டுக்கு வசதி. ஆனால் அதுவும் ஒவ்வொரு மெஷினும் தன்னைப் பற்றிச் சொல்வதுதானே. எனக்குப் பிடித்தது வேறு: ஒரு மெஷினைக் காவலுக்கு வைத்து, அதன் குரோனி கான்ஃபிக் கோப்பில் மற்ற எல்லா மெஷின்களையும் சர்வர்களாகச் சேர்த்து, ஒவ்வொரு வரியின் முடிவிலும் 'நோசெலக்ட்' போட்டுவிடுவது. அப்படிப் போட்டால் காவல் மெஷின் அவற்றிடம் நேரம் கேட்கும், அளக்கும், ஆனால் தன் கடிகாரத்தைத் திருத்த அவற்றைப் பயன்படுத்தாது. அந்த மெஷின்களில், நேரம் கேட்க அனுமதிக்கும் 'அலவ்' வரி ஒன்று போட்டு, யுடிபி 123 போர்ட்டைக் காவல் மெஷினுக்கு மட்டும் திறந்துவிட வேண்டும். பிறகு ஒரே 'குரோனிசி சோர்சஸ்', எல்லா மெஷின்களின் வித்தியாசமும் ஒரே திரையில். ஒரே இடத்திலிருந்து அளந்தது என்பதால் ஒன்றோடொன்று ஒப்பிடவும் முடியும்.

இங்கே ஒரு பொறி. குரோனிசி சோர்சஸில் பிளஸ் என்றால் அளக்கும் மெஷின் முன்னே ஓடுகிறது, எதிரே இருப்பது பின்தங்கியிருக்கிறது. பழைய என்டிபி நிரலோடு வரும் 'என்டிபிகியூ மைனஸ் பி' கட்டளை அப்படியே தலைகீழ், அதில் பிளஸ் என்றால் நம் மெஷின்தான் பின்தங்கியிருக்கிறது, போதாக்குறைக்கு எண்களும் மில்லி நொடியில். இரண்டும் கலந்து ஓடும் இடத்தில் குறியை மாற்றிப் போடாமல் ஒரே கிராஃபில் ஏற்றினால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

விர்ச்சுவல் மெஷின்களைத் தனியாகக் கவனியுங்கள். நிறுத்தி வைத்து மீண்டும் எழுப்பினால் கடிகாரம் நிமிடக் கணக்கில் பின்னால் நிற்கும். பல கான்ஃபிகுகளில் இருக்கும் 'மேக்ஸ்டெப் 1.0 3' என்ற வரி, குரோனி தொடங்கிய பிறகு முதல் 3 திருத்தங்களில் மட்டும்தான் ஒரே தாவலாகச் சரிசெய்ய விடும். அதற்குப் பிறகு மெதுவாக இழுத்துத்தான் வரும். லினக்ஸில் அப்படி இழுப்பதன் இயல்பான உச்ச வேகம் நொடிக்கு சுமார் பன்னிரண்டில் ஒரு பங்கு நொடி, அதனால் 1 நிமிட வித்தியாசம் போக 12 நிமிடமாவது ஆகும். கையால் 'குரோனிசி மேக்ஸ்டெப்' அடித்துத் தாண்ட வைக்கலாம், ஆனால் மெஷினின் கடிகாரம் முன்னே ஓடியிருந்தால் அது நேரத்தைப் பின்னோக்கித் தள்ளும், டேட்டாபேஸ் ஓடும் மெஷினில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

அலர்ட் வைப்பதென்றால் ஆஃப்செட்டுக்கு வைக்காமல் மேலே டிராக்கிங்கில் சொன்ன அந்த மூன்றின் கூட்டுத்தொகைக்கு வையுங்கள். சர்வர் தொடர்பு அறுந்தால் ஆஃப்செட் அழகாக அப்படியே நிற்கும், டிஸ்பர்ஷன் மட்டும் ஏறும். எவ்வளவு ஏறினால் கத்த வேண்டும் என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது: லாகினைச் சரிபார்க்கும் கெர்பராஸ் வழக்கமாக 5 நிமிடம் வரை பொறுத்துக்கொள்ளும், 30 நொடிக்கு ஒரு முறை மாறும் ஓடிபி அவ்வளவு பொறுக்காது, பல சர்வர்களின் லாக்கை வரிசையாக அடுக்கிப் படிப்பவருக்கோ சில மில்லி நொடியே பெரிசு.