புள்ளியும் சொட்டும்: ஒரு செவிலிய ஆசிரியையின் நாட்குறிப்பு

மார்ச் 3

முதலாண்டுக்கு மருந்தளவுக் கணக்கு. மதிய வகுப்பு, பாதிப் பேருக்குக் கண் சொக்கியது. போனை எடுங்கள் என்றதும் நிமிர்ந்தார்கள்.

போனிலேயே விடையைத் தட்டும் வினாடி வினாச் செயலியான கஹூட்டில் கேள்வி போட்டேன்: 500 மி.லி. சலைன், 8 மணி நேரம், மி.லி.க்கு 20 சொட்டு விழும் ட்ரிப் செட். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? விடை 21. பலர் 1250ஐ அழுத்தியிருந்தார்கள். மணியை நிமிடமாக மாற்றாவிட்டால் வரும் எண் அது. யார் போட்டது என்று தெரியாமல் எண்ணிக்கை மட்டும் திரையில் வந்ததும் வகுப்பே சிரித்தது. “அது ட்ரிப் இல்ல மேடம், குழாயத் திறந்து விட்டது!” சிரித்தவர்களில் 1250 போட்டவர்களும் இருந்திருப்பார்கள். விடைத்தாளில் சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்தால் யார் சிரிக்கிறார்கள்?

மார்ச் 6

கஹூட்டின் முன்னணிப் பட்டியலில் மறுபடி அதே பெயர்கள். பின்வரிசையில் சிலர் கேள்வியைப் படிக்காமலே ஏதோ ஒரு நிறத்தைத் தட்டுகிறார்கள். சீக்கிரம் சொன்னால் கூடுதல் புள்ளி என்பதும் எனக்கு ஒப்பவில்லை. வார்டில் ‘இன்னொரு தடவை சரிபார்’ என்கிறோம், இங்கே முந்தச் சொல்கிறோம். புள்ளியை நிறுத்தி, நேரத்தைக் கூட்டிவிட்டேன். முதலிடக்காரிகளுக்கு வருத்தம்தான். இருக்கட்டும்.

மார்ச் 10

நெட் இல்லை. கரும்பலகை.

மார்ச் 12

ஸ்கில் லேபில் சென்சார் வைத்த சி.பி.ஆர். டம்மி, இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்திக் காப்பாற்றப் பழகும் பொம்மை. ஆழம் 5 முதல் 6 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. இதெல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். ‘ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுசா எழும்பணும்’ என்பதும் மனப்பாடம்தான், ஆனால் கை கேட்பதில்லை. வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி, திரையில் கோடு கீழிருந்து முழுதாக மேலே திரும்பாததைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. உடம்பின் பாரத்தை எடுத்துப் பார்த்தாள், கோடு திரும்பியது. மணி அடித்தும் நகரவில்லை. தன் கை தேறுவதைத் தானே பார்க்கக் கிடைத்ததுதான் அவளைப் பிடித்து வைத்தது. பட்டியலில் முதலிடம் கொடுத்திருந்தாலும் இது வந்திருக்காது.

மார்ச் 19

மனிதரை உள்ளிருந்து செலுத்துபவை தானே தீர்மானித்தல், திறன், பிணைப்பு என்பார்கள் உளவியலாளர்கள் டெசியும் ரையனும். மூன்றையும் மனதில் வைத்து, குழுவாகச் சேர்ந்து கேள்வி தயாரிக்கச் சொன்னேன்.

ஒரு குழு, மி.லி.க்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டில் 4 மணி நேரத்துக்கு 100 மி.லி. என்று கேட்டிருந்தது. விடை 25. “மணிக்கு எத்தனை மி.லி.யோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு மேடம். 60ம் 60ம் அடிபட்டுப் போகுது!” அந்தச் சுருக்குவழியை நான் இன்னும் நடத்தவே இல்லை. அடுத்த வகுப்பில் அதை அவர்களே நடத்தப் போகிறார்கள்.