மாசி கடைசில கோடியக்கரை: பூநாரைய மட்டும் பாத்துட்டு திரும்பிடாதீங்க

கோடியக்கரைன்னு சொன்னாலே எல்லாரும் கேக்குறது "பூநாரை வந்திருக்கா?"ன்னுதான். வந்திருக்கு, சதுப்புல தூரத்துல கூட்டமா நிக்குது, அழகுதான், யாரு இல்லன்னா. ஆனா மாசி கடைசில போறவங்களுக்கு நான் சொல்றது, கரையோரமா குடுகுடுன்னு ஓடிட்டு இருக்குற பொடிப் பறவைங்கள பாருங்க, ஏன்னா அதுங்க ஊருக்குக் கிளம்புற நேரம் இது.

போன வாரம் வேதாரண்யத்துல இருந்து முதல் பஸ்ஸ புடிச்சு போயி, வெயில் ஏறுறதுக்குள்ள கரையோட நடந்தோம். ஈர மணல்ல உப்புக்கொத்திங்க ஓடுறதும் நிக்குறதுமா இருந்துச்சு. பைனாகுலர்ல பாத்தா ஒண்ணு சுத்தமா சாம்பல் பழுப்பு, பக்கத்துல நிக்குறதுக்கு மார்புல லேசா செங்கல் கலர் ஏறியிருக்கு, இன்னொண்ணுக்கு பாதி ஏறி பாதி ஏறாம திட்டுத்திட்டா இருக்கு. எல்லாம் ஒரே இனம்தான், மணல் உப்புக்கொத்தி. குளிர்காலம் முழுக்க நம்ம கரைல மங்கலா இருந்துட்டு, லடாக், திபெத் பக்கம் முட்டை வைக்கப் போறதுக்கு முன்னாடி இப்படி இறகு மாத்துது. அந்த மாத்தம் நம்ம கண்ணு முன்னாடி நடக்குறது இந்த சில வாரம்தாங்க!

அதுங்களோட கொசு உள்ளானும் இருந்துச்சு. அது ஒரு அஞ்சு ரூபா பிஸ்கட் பாக்கெட் வெயிட்டு கூட இருக்காது, போறதோ சைபீரியாவோட வடக்குல ஆர்க்டிக் ஓரம் வரைக்கும். அவ்ளோ தூரத்துக்கு டீசல் மாதிரி கொழுப்பு சேக்கணும், அதான் தலைய நிமிராம சேத்துல புழு பூச்சிய கொத்திட்டே இருக்கு. அன்னிக்கு ஒருத்தர் வீடியோவுக்காக கூட்டத்துக்குள்ள ஓடி எல்லாத்தையும் மொத்தமா கெளப்பிவிட்டாரு, எனக்கு வயிறு எரிஞ்சுது. பறக்க வெச்சா சேத்த கொழுப்புதான் கரையும். தயவுசெஞ்சு தள்ளியே நில்லுங்க, உக்காந்துட்டா இன்னும் நல்லது, கொஞ்ச நேரத்துல அதுங்களே கிட்ட வரும்.

பூவுக்கு வருவோம். மணல் மேட்டுல அடப்பங்கொடி படர்ந்து ஊதாப் பூவா கெடந்துச்சு, சங்கப் பாட்டுல அடும்புன்னு வர்றது இதான், நெய்தல் நிலத்துப் பொண்ணுங்க தலைல சூடுனது. காலைலயே பாத்துடணும், மத்தியானத்துக்கு மேல வாடிரும். இல ஆட்டுக் குளம்பு கணக்கா ரெண்டா பிளந்திருக்கும், கொடி கணுவுக்குக் கணு வேர் விட்டு மணல புடிச்சுக்கும். இதுவும் ராவணன் மீசைங்குற முள்ளுப் புல்லும் இல்லன்னா காத்துக்கு மேடு நிக்காது. ராவணன் மீசையோட காஞ்ச முள்ளுப்பந்து ஒண்ணு காத்துல உருண்டு போயி தண்ணி ஓரம் நின்னுச்சு, அதுக்குப் பக்கத்துலயே ஒரு கல்திருப்பி உள்ளான் காஞ்ச பாசிய ஒண்ணொண்ணா அலகால புரட்டி அடில இருந்தத தின்னுட்டு இருந்துச்சு, நாங்க நின்னதையே கண்டுக்கல.

உள்ள காட்டுப்பக்கம் கொழிஞ்சியும் நெருஞ்சியும் பூத்திருந்துச்சு. 2018 நவம்பர்ல கஜா புயல் இந்தக் காட்ட படுத்தினபாடு கொஞ்சநஞ்சம் இல்ல, அதுக்கு மேல சீமைக் கருவேலம் வேற. வெளிமானுங்க மேயுற புல்வெளிய அது விழுங்காம பாத்துக்கணும், அது பத்தி தனியா எழுதுறேன்.

கோடியக்கரை 1967ல சரணாலயமாச்சு, 2002ல உலக அளவுல முக்கியமான ஈர நிலங்களோட ராம்சார் பட்டியல்ல சேந்துச்சு. பறவையியலாளர் சலீம் அலி காலத்துல இருந்து பிஎன்ஹெச்எஸ் (பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம்) காரங்க இங்க பறவைங்க கால்ல வளையம் போட்டு எங்க போகுதுன்னு பாத்துட்டு இருக்காங்க, அதனால கால்ல வளையமோ கலர் கொடியோ தெரிஞ்சா போட்டோ எடுத்து அவங்களுக்கு அனுப்புங்க. பங்குனி பாதிக்குள்ள போயிடுங்க, தொப்பியும் தண்ணியும் மறக்காதீங்க, பத்து மணிக்கு மேல மணல்ல கால் வைக்க முடியாது.