மல்லிகை மொட்டுக்குள் குடியிருக்கும் ஈ

காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஆறு தொட்டிகளில் குண்டுமல்லி வளர்க்கிறோம். சென்ற ஆனி மாதத்தில் மொட்டுகள் விரியாமலேயே அடிப்பகுதி வீங்கி, செந்நீலம் ஏறி உதிரத் தொடங்கின. கடலின் உப்புக்காற்றுதான் காரணம் என்று அம்மா சொல்ல, நானும் அதை நம்பித் தொட்டிகளைச் சுவர் மறைவுக்கு நகர்த்தினேன், பயனில்லை. உதிர்ந்த மொட்டொன்றை நகத்தால் பிளந்து பார்த்தபோதுதான், ரவையளவுகூட இல்லாத வெளிர்மஞ்சள் புழுக்கள் உள்ளே நெளிவதைக் கண்டேன். அவற்றில் ஒன்று உடலை வில்லாக வளைத்து, உள்ளங்கையிலிருந்து துள்ளி மறைந்தது.

மொட்டு ஈ எனப்படும் இதன் அறிவியல் பெயர் காண்டாரினியா மாகுலிபென்னிஸ். நெற்பயிரின் தூரை வெங்காய இலைபோன்ற வெள்ளைக் குழலாக்கும் ஆனைக்கொம்பன் ஈயும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் ஆனைக்கொம்பன் நெல்லையும் அதன் புல்லினச் சுற்றத்தையும் நாடுவது. மொட்டு ஈயோ ஒன்றுக்கொன்று உறவே இல்லாத ஆறு தாவரக் குடும்பங்களிலாவது வாழக்கூடியது. 1933இல் ஃபெல்ட் என்பவர் இதற்குப் பெயரிட்டபோது அவர் கையில் இருந்தவை ஹவாய்த் தீவின் செம்பருத்தி மொட்டுகளில் கிடைத்த ஈக்கள். மல்லிகை, ஆர்க்கிட், தக்காளி, கத்தரி, பாகல் ஆகியவற்றின் மொட்டுகளிலும் இது முட்டையிடுகிறது. எங்கள் மாடியில் மல்லிகைக்கு அருகிலேயே செம்பருத்தியும் பாகலும் இருந்தன என்பதை அப்போதுதான் கவலையுடன் எண்ணிப் பார்த்தேன்.

தாய் ஈ மொட்டின் நுனியில் கூட்டமாக இடும் முட்டைகள் ஒரே நாளில் பொரிந்துவிட, புழுக்கள் உள்ளே புகுந்து சாற்றை உறிஞ்சி ஒரு வாரத்திற்குள் முதிர்ந்து, மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகி, முட்டையிலிருந்து மூன்று நான்கு வாரங்களில் மீண்டும் ஈயாகப் பறக்கின்றன. மூடிய மொட்டுக்குள் தெளிப்பு மருந்து சென்று சேர்வது அரிது. வேப்பெண்ணெய்க் கரைசலை மூன்று முறை தெளித்தும் நான் ஏமாந்ததற்குக் காரணம் இதுவே என்று கருதுகிறேன். உதிர்ந்த மொட்டுகளை உரத்தொட்டியில் போட்டு வந்ததோ அதைவிடப் பெரிய பிழை. ஈக்களை நானே வளர்த்திருக்கிறேன்.

இப்போது நிறம் மாறிய மொட்டுகளை, செம்பருத்தியிலும் பாகலிலும் உள்ளவற்றையும் சேர்த்து, உதிரும் முன்பே நாள்தோறும் பறித்து, பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் வைத்துவிடுகிறேன். பக்கத்து மாடியில் செம்பருத்தி வைத்திருக்கும் அக்காவிடமும் ஒரு மொட்டைப் பிளந்து காட்டினேன்; அன்று முதல் அவரும் காலையில் ஒரு பையுடன்தான் மாடிக்கு வருகிறார்.